பிள்ளையார் தொந்திக்குக் கீழே

நேற்று சாயங்காலம் கார் கொட்டகையில் நாலு பேர் இருந்தோம். நான், என் வீட்டுக்காரரான உன் மாமா, உன் பெண்டாட்டி செல்வி, முன்விளக்கைக் கழற்ற வந்த எலெக்ட்ரீஷியன் பாஸ்கர். வேறு யாரும் இல்லை. பானட்டைத் தூக்கியதும் முதலில் என் கண்ணில் பட்டது விளக்குக்குக் கரண்டை ஏற்றிக் கொடுக்கிற பேலஸ்ட் பெட்டி மேலிருந்த சந்தனப் பொட்டு. காய்ந்து, வெடித்து, அப்படியே இருந்தது.

அதை நான் வைத்த நாள் உனக்கு நினைவிருக்கும், தம்பி. உர வியாபாரத்துக்குத் தஞ்சாவூர் போகிற உன் மாமா பொழுது சாய்ந்துதான் திரும்புவார். அறுப்பு நாளில் பாதி ரோட்டில் நெல் காயும். வண்டி மிதிக்காமலிருக்க அதைச் சுற்றிக் கருங்கல்லை வரிசையாக வைத்திருப்பார்கள். பழைய விளக்கில் கல் தெரியவில்லை, வெள்ளையாக எரிகிற செனான் பல்பு போட்டுக் கொடு என்று உன்னிடம் கேட்டார். நீ உடனே சரி என்று சொல்லவில்லை. விளக்கைக் குனிந்து பார்த்துவிட்டு, உள்ளே உருண்டை லென்ஸ் இருப்பதால் போடுகிறேன், அது இல்லாத விளக்கில் இதை வைத்தால் வெளிச்சம் சிதறி எதிரே வருகிறவன் கண்ணைக் குத்தும் என்றாய்.

சாமி முன்னால் வைக்கலாமென்று பல்பை எடுத்துச் சந்தனம் தொட்ட விரலை நீட்டினேன். பாய்ந்து வந்து பிடுங்கினாய்.

"கண்ணாடியைத் தொடாதக்கா. விரல் எண்ணெய் பட்டாலே போதும், சூட்டுல அந்த இடத்துல விரிசல் விடும். பொட்டு வைக்கணும்னா பெட்டிக்கு வை, சாமி கோவிச்சுக்காது."

விட்டால் பல்புக்கு ஆலத்தி சுற்றுவாள் என்று மாமா கேலி செய்தார்.

சாவியை எடுத்து உன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். முதலில் பேட்டரியின் மைனஸ் கம்பியைக் கழற்றினாய். டவுன் கடையில் ஒயரை வெட்டி ஒட்டி அரை மணியில் முடித்துவிடுகிறார்கள், நீ என்ன காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாய் என்று மாமா நச்சரித்தார். வண்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது, ஒவ்வொரு விளக்கும் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும், அந்த ஒயரில் இதை ஒட்டினால் முதலில் சாவது அதுதான் என்றாய். பேட்டரியிலிருந்தே ஃபியூஸ் வைத்துத் தனி ஒயர் இழுத்து, பழைய பிளக்கை, விளக்கைப் போடு என்று ரிலே சுவிட்சுக்குச் சொல்லி அனுப்ப மட்டும் வைத்துக்கொண்டாய். எஞ்சின் சூடும் மழைத் தண்ணீரும் படாத மூலையில் பேலஸ்டை முடுக்கினாய். எரியும்போது அதில் கை வைத்தால் ஆளைத் தூக்கிவிடும் என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னாய்.

இருட்டும் வேளையில் வெளிச்சத்தின் உயரம் பார்க்க வண்டியைத் தெருக்கோடிப் பிள்ளையாருக்கு நேரே நிறுத்தினாய். டிக்கியில் உர மூட்டையை ஏற்றச் சொன்னாய். சரக்கு ஏறினால் வண்டி மூக்கைத் தூக்குமாம். சாமி முகத்தில் கார் விளக்கா என்று நான் கோபித்துக்கொண்டேன்.

"பிள்ளையாருக்குக் கண் கூசலைன்னா எதிர்ல வர்றவனுக்கும் கூசாதுக்கா."

திருகித் திருகி வெளிச்சத்தைத் தொந்திக்குக் கீழே இறக்கினாய். அதன் பிறகுதான் சிரித்தாய்.

மாசியில் சம்பா அறுப்பின்போது, வாய்க்கால் மதகுக்கு இந்தப் பக்கம், பைக்கில் வந்த உன் கண்ணை எதிரே வந்த ஒரு காரின் வெள்ளை வெளிச்சம் மறைத்துவிட்டது. நீ நெல்லோரக் கல்லில் மோதினாய். கார் நிற்கவில்லை. வயலில் இருந்தவர்கள் ஓடி வந்தபோது உனக்கு மூச்சு இல்லை. எந்தக் கார் என்று இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து மாமா பொழுது சாய்ந்தால் வண்டி எடுப்பதில்லை. இப்போது குறுவை அறுப்பு வந்துவிட்டது; எடுக்காமல் முடியாது. விளக்கைக் கழற்றிவிட்டுத்தான் எடுப்பேன் என்கிறார்.

பாஸ்கர் டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தான். பிறகு, ஒரு ஒயர்கூட வெட்டவில்லை, எல்லாம் சொருகியதுதான், கழற்றினால் வண்டி வாங்கினபடியே ஆகிவிடும் என்றான். பழைய பல்பு இரண்டும் துணி சுற்றி டேஷ்போர்டு பெட்டியில் இருந்தன. வேண்டாமென்றால் திரும்பிப் போக வழி வைத்திருக்கிறாய். உன் விஷயத்தில் அப்படி ஒரு வழியை எந்தச் சாமியும் எனக்கு வைக்கவில்லை. கேட்காத கோயில் இல்லை.

செல்வி, "கழட்டாதீங்க அண்ணி. அவரு கை பட்டதுல இன்னும் எரியிறது இது ஒண்ணுதான்" என்றாள்.

மூட்டை ஏற்றி, பிள்ளையாருக்கு நேரே நிறுத்திப் போட்டுப் பார்த்தோம். வெளிச்சம் தொந்திக்குக் கீழேதான் நின்றது. நீ வைத்த இடத்திலிருந்து இம்மியும் ஏறவில்லை. செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் மாமா சொன்னார்.

"தெருவுல சரிதான். மதகு மேடு ஏறும்போது எந்த வண்டி விளக்கும் மேலதான் பார்க்கும். அவன் கண்ணை மறைச்சதும் இப்படிச் சரியா வெச்ச விளக்குதானோ என்னவோ."

வெள்ளிக்கிழமை வருகிறேன், அதற்குள் முடிவு செய்யுங்கள் என்று பாஸ்கர் கிளம்பினான்.

வரவும் செலவும் அன்றன்றைக்கே நேர் பண்ணிப் பழகியவள் நான். இது மட்டும் நேராகவில்லை. தினம் பிள்ளையாருக்கு விளக்கேற்றும்போது என் கண் அவர் முகத்துக்குப் போவதில்லை. தொந்திக்குக் கீழே நீ வெளிச்சத்தை நிறுத்திய இடத்துக்குத்தான் போகிறது. வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டுப் பார் என்கிறாள் செல்வி. வெள்ளை வந்தால் இருக்கட்டும், சிவப்பு வந்தால் கழற்றலாம் என்று. பொட்டலம் கட்டியும்விட்டேன். பிரிக்கத்தான் மனசு வரவில்லை. இது நீ சொல்ல வேண்டியது.

மதகுக்கு இந்தப் பக்கம் இன்று காலையே நெல் கொட்டிக் கல் அடுக்கிவிட்டார்கள். கனவில் வந்தாவது, கழற்றவா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடு தம்பி.