ஆஸ்பத்திரிப் படகென்று சொன்னது

சேசு மரி சூசை

திண்டுக்கல்

அன்பு மகள் ஐரினுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்கால் வலி தவிர இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, நெதர்லாந்துக் குளிரில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, நல்லபடி இருக்க வேண்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். என் வேலையைச் சொல்ல உனக்கு வெட்கமா அம்மா என்று கேட்டுவிட்டு நீ போனை வைத்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. வாட்ஸப்பில் எழுதி எழுதி அழித்தேன், அதனால்தான் இந்தத் தபால்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நம் தெருக்காரர்கள் வாராவாரம் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் ஒருநாள் ரூபி அக்கா வீட்டில். அந்த வாரம் முழுக்கக் குழாயில் தண்ணீர் வரவில்லை, ஜெபம் தொடங்கும் வரை எல்லோருக்கும் லாரித் தண்ணீர்ப் பேச்சுதான். மன்றாட்டுச் சொல்ல என் முறை வந்தபோது பணக்காரர்கள் உல்லாசமாகப் போக நீ வரைகிற படகின் படம் கண்ணுக்குள் நின்றது. கூரை முழுக்க சோலார் தகடு, தானே வழி பார்த்துப் போகும் படகு, ஓட்டுகிறவருக்கு ஒரு நாற்காலிகூட இல்லை, இருந்த நாற்காலி எல்லாம் கடலைப் பார்த்தபடி, மேல்தளத்தில் நீச்சல் குளம். குடத்தோடு காத்துக் கிடந்தவர்கள் நடுவில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தீவுகளில் இருக்கிற நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் படகை என் மகள் வரைகிறாள் என்று சொல்லிவிட்டேன். நான் கூட்டத்தில் வாய் திறப்பதே அபூர்வம், எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜுக்குப் போனவள் வேறு, படித்தவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பிவிட்டார்கள். பிறகு வாராவாரம் அந்தப் படகுக்கு ஜெபம் நடந்தது, நானும் ஆமென் சொன்னேன். ரூபி அக்கா மகன் ராபின் ஆஸ்பத்திரிப் படகுக்கென்று உனக்கு வாழ்த்து அனுப்பியது இதனால்தான். தண்ணி இல்லாத ஊர்ல உக்காந்துக்கிட்டு படகுல போயா பொய் சொல்லுவ என்று அப்பா கேட்டார், வேறு ஒன்றும் திட்டவில்லை.

போன வியாழக்கிழமை கூட்டத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன். கேட்டதும் அல்போன்சா அத்தை, ஏத்தா, இம்புட்டு நாளும் நம்ம ஜெபத்துல நீச்சல் குளமா மிதந்துச்சு, போகட்டும் விடு, பணக்காரன் மட்டும் தண்ணில விழுந்தா முங்கமாட்டானா என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ரூபி அக்கா சிரிக்கவில்லை. பாம்பனில் இருக்கும் தன் தங்கையிடம், இந்தப் படகு ஒருநாள் உங்க பக்கமும் வரும் என்று சொல்லி வைத்திருக்கிறார். இனி அவகிட்ட என்னத்தச் சொல்ல என்று என்னைக் கேட்டார்.

நீ அப்படி ஒரு படகு செய் என்று கேட்க இதை எழுதவில்லை. என் பொய்யை நிஜமாக்குகிற பாரம் உனக்கு வேண்டாம். தங்கையிடம் நானே பேசுகிறேன் என்று ரூபி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். உன் வேலையைப் பார்த்து நான் வெட்கப்பட்டேன், அது நிஜம். இப்போது என்னை நினைத்துத்தான் வெட்கமாக இருக்கிறது. அடுத்த மாதம் முதல் வாரக் கூட்டம் நம் வீட்டில். நீச்சல் குளத்தையும் விடாமல் சொல்லி உன் படகுக்கு நானே மன்றாட்டுச் சொல்லப் போகிறேன். அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று நான் இதுவரை கேட்கவே இல்லை, போன் பண்ணிச் சொல்லம்மா.

ஆண்டவர் உன் கையோடும் கண்ணோடும் இருப்பாராக. காதை மூடாமல் வெளியே போகாதே.

உன் அம்மா,
அமலி