காய்ச்சிய பால்

நியூயார்க்,
செப்டம்பர் 1896

என் பிரியமானவருக்கு,

சுரங்கத்தில் உங்களுக்கு வேலை நிலைத்ததில் சந்தோஷம். இங்கே வெயில் ஒருவழியாகத் தணிந்துவிட்டது. மகள் நன்றாக இருக்கிறாள். இந்த முறை இதைத் தயங்காமல் எழுதுகிறேன்.

ஜூலையில் எனக்குப் பால் வற்றிவிட்டது. சேதி கேட்டு உங்கள் தம்பி டெர்மட் பால்கேனோடு வாசலில் வந்து நின்றான். இரண்டு கோடைக்கு முன் நம் மூத்த பிள்ளைக்கும் அவன்தான் ஊற்றினான்; பிள்ளை அந்தக் கோடையைத் தாண்டவில்லை. அதைப் பற்றி நாம் எழுதிக்கொள்வதில்லை.

வேண்டாம் என்றேன்.

“என்ன அண்ணி, சொந்தக்காரன் பால் கசக்குதா? காசுகூட வேண்டாம், பிடிங்க!”

ஒரு கோப்பை வாங்கி அவனிடமே நீட்டினேன். “முதல்ல நீ குடி. அப்புறம் பிள்ளைக்குக் கொடுக்கிறேன்.”

கோப்பையையும் தொட்டிலையும் மாறி மாறிப் பார்த்தான். குடிக்கவில்லை. கேனைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான்.

மறுநாளிலிருந்து ஏழைக் குழந்தைகளுக்காக நதிக்கரையில் போட்டிருக்கும் கூடாரத்தில் புட்டியில் தரும் காய்ச்சிய பாலைத்தான் கொடுக்கிறேன். காய்ச்சினால் சத்தெல்லாம் போய்விடும் என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டும் என்று தினமும் போனேன்.

ஆகஸ்டில் ஒருநாள் வரிசையில் எனக்குப் பின்னால் டெர்மட்டின் மனைவி ஊனா கைக்குழந்தையோடு நின்றாள்.

“அவர்தான் அக்கா அனுப்பினாரு. உங்க முகத்துல முழிக்க அவருக்குத் தைரியம் இல்ல.”

அவளை எனக்கு முன்னால் நிற்க வைத்தேன். அவன் இப்போது பால் விற்பதில்லை, கரிவண்டி ஓட்டுகிறான். ஞாயிறன்று சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் அவனுக்கு ஒரு வரி எழுதலாம்.

மகளுக்குப் பல் முளைத்திருக்கிறது. நம் வீட்டில் இதுதான் முதல் பல். சீக்கிரம் வந்து ஒரு கடி வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்
மனைவி