இங்கிலீஷ் பரீட்சைக்கு இறங்கிய காலை

இன்று முள்ளுக்குறிச்சியில் அண்ணன் கடையில் மலை மிளகு மூட்டையை அவிழ்த்தார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் வளப்பூரில் நாம் இருந்த வனக்காவலர் குடிசை கண்முன் வந்துவிட்டது. வாசலில் மிளகு காயும். பக்கத்தில் நீங்கள் இங்கிலீஷ் நோட்டோடு உட்கார்ந்திருப்பீர்கள்.

இலாகா வைக்கும் அந்த இங்கிலீஷ் பரீட்சையில் தேறினால் மலைக்குக் கீழே ஆபீஸ் வேலை. மலைக்காய்ச்சலுக்குப் பயந்து பயந்து நாளைத் தள்ள வேண்டாம். எட்டாவது வரை படித்த நான்தான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்பதால் என் வாக்கியங்களில் வருவது எப்போதும் யாரோ ஓர் ஆள்தான்.

‘தி மேன் ஹூம் ஐ மேரீட்’ என்று எழுதிக் காட்டினேன். பிறகு நானே ‘ஹூம்’மை அடித்தேன்.

“கட்டிக்கிட்டது நானுங்க. அந்த ஆளு சும்மா நிக்கறாரு, அதனால விட்டுடலாம். ‘தி மேன் ஹூ மேரீட் மீ’ன்னா அந்த ஆளே கட்டறாரு. அப்ப ‘ஹூ’வ எடுக்கப்படாதுங்க.”

“நீ கட்டுனா வேண்டாம், நான் கட்டுனா வேணுமா? நல்லா இருக்குது புள்ள உன்ற நியாயம்!”

பரீட்சை அன்று விடியும்போதே உங்களுக்கு உடம்பு கொதித்தது.

“இந்த வருசம் வேண்டாம் புள்ள. அடுத்த வருசம் பாத்துக்கலாம்.”

“ஒரே நாளுதானுங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போயிட்டு வந்துருங்க.”

மலையை விட்டு இறங்கிவிட வேண்டும் என்ற வெறி எனக்கு. “சரி, வாரேன் கண்ணு” என்று கிளம்பிவிட்டீர்கள்.

தூறலில், பாதை வளைவில் நீங்கள் தள்ளாடியதைப் பார்த்ததும் “ஏனுங்க! ஏனுங்க!” என்று கத்தினேன். சந்தைக்கு இறங்கிக்கொண்டிருந்த நாலு ஆண்கள் திரும்பினார்கள். நீங்கள் திரும்பவில்லை. யாரை வேண்டுமானாலும் அப்படித்தானே கூப்பிடுகிறோம். பேரைச் சொல்லிக் கத்தியிருக்கலாம். பாவி, அப்போதும் எனக்கு நாக்கு எழவில்லை.

எழுதிவிட்டு வந்து படுத்த நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. குடிசையை நான் காலி செய்துகொண்டிருந்தபோது ரேஞ்சர் வந்து, நீங்கள் தேறிவிட்டதாகச் சொன்னார். நான் மட்டும் மலை இறங்கினேன்.

அண்ணி நல்லவள், சாப்பாட்டுக்குக் குறையில்லை. ஆனால் கிண்டல் பேச ஓர் ஆளில்லை. வீடு நிறைய மனுஷர் இருந்தும் தனியாகத்தான் கிடக்கிறேன்.

“மலைக்காய்ச்சல் கொண்டுபோயிருச்சாக்கும்?” என்று கேட்பவர்களிடம் “ஆமாங்க” என்கிறேன். பரீட்சைக்குப் போகவில்லை என்று நீங்கள் சொன்னதையும், நான்தான் அனுப்பினேன் என்பதையும் இந்த ஊரில் இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை.