ஆபரேசனா, மாத்திரையா

29-10-79, திங்கள்
காலையிலிருந்து தூறல். மூத்த மாப்பிள்ளையுடன் திருநெல்வேலி ஆஸ்பத்திரி. முதுகெலும்பு எக்ஸ்ரே, ரத்தம் எல்லாம் பார்த்தாயிற்று. புராஸ்டேட் கேன்சர். எலும்புக்குப் போய்விட்டது. டாக்டர் சின்ன வயது, ஒளிவுமறைவு இல்லை.

"குணமாக்க முடியாதுங்கய்யா. கொஞ்ச காலம் அடக்கி வைக்கலாம். ஆண் சுரப்புதான் இதுக்குத் தீனி, அத நிறுத்தணும். ரெண்டு விதையையும் எடுத்துரலாம். இல்லைன்னா பெண் சுரப்பு மாத்திரை, தினமும்."

மகளைக் கட்டியவர் பக்கத்தில் நிற்கிறார்! மானமே போயிற்று. பஸ்ஸில் புளியங்குடி எலுமிச்சை விலை பற்றியே பேசிக்கொண்டு வந்தார். நானும் அக்கறையாகக் கேட்டேன். ஊர் வரும்வரை அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் மனைவி கோமதியிடம், நீர்க்கடுப்புதான் என்றேன். அவளும் நம்பினாள்.

30, செவ்வாய்
மழை. நாற்காலியிலிருந்து எழ இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது. தாலுகா ஆபீசில் முப்பது வருடம் சாதக பாதகம் எழுதி நோட் போட்ட கை, சும்மா இருக்குமா?

ஆபரேசன்: ஒரே நாள். வலி சீக்கிரம் குறையும். எடுத்தால் எடுத்ததுதான்.
மாத்திரை: கத்தி இல்லை. மார் வீங்கும். காலில் ரத்தம் கட்டலாம். இருதயத்துக்கு ஆகாதாம். (எனக்குப் போன வருடம்தான் மாரடைப்பு.)
மதுரையில் கரண்ட் (கதிர்) வைப்பது: வலிக்கிற எலும்புக்கு மட்டும்.

முதல் இரண்டிலும் ஆசை அற்றுப்போகும். அறுபத்துமூன்று வயதில் அதற்கென்ன அழுகை? அழுதேன்.
மாத்திரை என்றே முடிவு.

1-11, வியாழன்
மாப்பிள்ளை வந்தார். காலண்டரைப் பார்த்தபடியே பேச்சு.

"மாமா, டாக்டருக்கு டிரங்க் கால் போட்டுக் கேட்டேன். நெஞ்சுவலி வந்தவுகளுக்கு மாத்திரை ஆபத்தாம். ஆபரேசனே பண்ணிருவோம். நான் யார்ட்டயும் மூச்சு விடமாட்டேன்."

"உங்க அத்தைகிட்ட?"

"அத நீங்கதான் சொல்லணும், மாமா."

தங்கமான மனுஷன். ஆறு வருடமாகக் கஞ்சப்பயல் என்று ஏசிக்கொண்டிருந்தேன்.

2, வெள்ளி
வெயில். கோமதி கோயிலுக்குப் போய்வந்ததும் சொல்லிவிட்டேன், எதை எடுக்கிறார்கள் என்று. கேன்சர் என்று வாயில் வரவில்லை. கட்டி என்றேன்.

"அட, இதுக்கா நாலு நாளா மூஞ்சியத் தூக்கிவச்சிக்கிட்டு அலைஞ்சிய? நாலு பிள்ள பெத்தாச்சு. அது இருந்து இனி என்ன செய்யப்போவுது?"

சிரித்துவிட்டேன். அவளும். இடுப்பு வலிக்க வலிக்கச் சிரித்தோம்.

கோயில் புற்றுமண்ணை என் நெற்றியில் வைத்துக்கொண்டே கேட்டாள், "எடுத்துட்டா சீக்கு முழுசாப் போயிரும்லா?"

போயிரும் என்றேன்.

"பின்ன என்ன?" என்று உலை வைக்கப் போனாள்.