வெல்டருக்கு ஒன்றும் ஆகவில்லை

பிப்ரவரி 3

என் செல்லக் குட்டிக்கு,

நான் அன்றைக்கே சொன்னேனா இல்லையா? உன் முட்டி ஒருநாள் மக்கர் பண்ணும், டாக்டர் கத்தியை எடுப்பார், நீ மிரண்டுபோய் மாமாவிடம்தான் வருவாய் என்று என் மோட்டார் கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். எவன் காதில் போட்டுக்கொண்டான்?

எடை குறைய இரைப்பையைச் சின்னதாக்குவதெல்லாம் ஒரு வேலையா? மூன்று குதிரைசக்தி மோட்டாரை ஒரு குதிரைசக்தியாக்குகிற மாதிரி. எதிர்ப் பட்டறை வெல்டருக்கு இதே ஆபரேஷன்தான். போகும்போது கதவில் இடித்துக்கொண்டு போனவன், வரும்போது ஜன்னல் வழியாக வந்தான்! மூன்றாவது வாரமே இரண்டு தட்டு சோறு. "அண்ணே, இன்னும் இருக்கா?" என்கிறான். உன் அம்மா இருந்திருந்தால் அவளும் தைரியமாகப் போகத்தான் சொல்லியிருப்பாள். அதென்ன, ஆபரேஷன் விஷயத்தைச் சொன்ன நாளிலிருந்து போனையே எடுக்க மாட்டேன் என்கிறாய்?

உனக்காகவே உயிரோடிருக்கும்
மாமா


பிப்ரவரி 12

அன்பு மாமாவுக்கு,

போனை எடுத்தால் ஆளுக்கொரு அறிவுரை. கடிதம் என்றால் மடித்து வைத்துவிடலாம். கோபப்படாதீர்கள்.

நேற்று எங்கள் துணிக்கடையில் ஒரு அம்மா, "கொஞ்சம் நகரும்மா, பின்னாடி இருக்கிற துணியே தெரியல" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். மாடியில் தங்கும் அறைக்கு ஏறும்போது பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் நீங்கள் சொன்ன மாதிரி சொல்லவில்லை. வெட்டி எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாதாம். பல வாரம் நீராகாரம், மசித்த சாப்பாடு. பிறகும் கொஞ்சம் கொஞ்சம்தான். சத்து மாத்திரை ஆயுளுக்கும். கவனிக்காமல் விட்டால் எடை திரும்பி வருமாம். "செஞ்சுக்கிட்டவங்க யார்கிட்டயாவது பேசிட்டு முடிவு பண்ணுங்க" என்றார். உங்கள் வெல்டரை விட்டால் எனக்கு யாரைத் தெரியும்? அவர் நம்பரை அனுப்புங்கள்.

உங்கள்
குட்டி


பிப்ரவரி 20

குட்டிம்மா,

வெல்டர் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். நடுக்கடலில் ஏது டவர்? ஆனால் கிளம்பும் முன் உன்னைப் பற்றிச் சொன்னேன். "தங்கச்சியப் பயப்படாம படுக்கச் சொல்லுங்கண்ணே. டாக்டருங்க நூறு சொல்வாங்க" என்று கண் கலங்கிவிட்டான். கப்பல் கேப்டனே அவன் இடுப்பைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாராம். வேறென்ன வேண்டும் உனக்கு?

மாமா


ஏப்ரல் 14

மாமா,

ஆபரேஷன் முடிந்து ஐந்தாவது வாரம். மூன்றாவது வாரமே மசித்த சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சோறு சாப்பிட்டேன், வெல்டரை நினைத்துக்கொண்டு. அன்றிலிருந்து வாந்தி. இன்று தண்ணீர்கூட நிற்கவில்லை. டாக்டரிடம் போகவில்லை. போனால் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார்கள்.

அவருக்கு ஆகாதது எனக்கு மட்டும் ஏன் மாமா? இதைக்கூடச் சரியாகச் செய்யத் தெரியாதவளா நான்? அவர் பேசினால் ஒன்றே ஒன்று கேளுங்கள். அவருக்கும் முதலில் இப்படித்தான் இருந்ததா? ஆமாம் என்றால் பொறுத்துக்கொள்வேன்.

குட்டி


ஏப்ரல் 16

குட்டி,

உன் வார்டுக்கு வெளியேதான் இருக்கிறேன். ஆண்கள் உள்ளே வரக்கூடாதாம். உன் கடிதம் வந்ததும் துணிக்கடைக்குப் போன் செய்தேன். பக்கத்து அறைப் பெண் உன்னை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதாகச் சொன்னார்கள். பஸ்ஸில் இடம் காலியாகத்தான் இருந்தது. உட்கார முடியவில்லை, நின்றே வந்தேன்.

"டிரிப்ஸ் ஏறுது. ஆனா என்ன சாப்பிட்டன்னு கேட்டா சொல்லவே மாட்டேங்குது. வெல்டருக்கு ஒன்னும் ஆகல, நான்தான் சரியில்லன்னு அதையே சொல்லிட்டிருக்கு. யாருங்க அந்த வெல்டர்?" என்றார் நர்ஸம்மா. உன் கடிதத்தை மட்டும் காட்டினேன். "இது போதாது, எவ்வளவு சாப்பிட்டா, எத்தனை தடவை வாந்தின்னு அவளே சொல்லணும்" என்கிறார். அதனால்தான் இந்தத் தாளை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மோட்டாராக இருந்தால் பிரித்துப் பார்த்திருப்பேன். இங்கே கதவுக் கண்ணாடியில் உன் கால் மட்டும் தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

டாக்டரிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிடு தாயே. நீ எதிலும் தோற்கவில்லை. வெல்டர் கப்பலுக்குப் போகவில்லை. பட்டறையில்தான் இருக்கிறான், பழைய உடம்போடு. அவனுக்கு ஆபரேஷன் நடந்தது நிஜம். ஆனால் அது குடலிறக்கத்துக்கு.

மாமா