இறக்கையில்லாதவளின் ஆறு கால்கள்

2 ஜூன், செவ்வாய்
மழையில்லை. காதர் பாய் எனக்குச் செய்தது துரோகம். சிம்பாங் பூலாயில் அவர் சாப்பாட்டுக் கடை விளக்குக்கு வந்து விழுந்த ஆண் குளவியை, என்னைக் கேட்காமல், பல்கலைக்கழகத்தில் பூச்சி ஆராயும் மாலதியிடம் கொடுத்துவிட்டார். அதன் ஜோடிப் பெண் குளவி என்னிடம். பிஸ்கட் டின்னில், ஊசியில் குத்திப் பதப்படுத்தி வைத்திருக்கிறேன். இறக்கை கிடையாது, பார்த்தால் எறும்பு. ஆண் கிடைத்தால் இரண்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்று எத்தனை தடவை சொன்னேன்.
"ரொட்டி சானாய் மேல விழப்போச்சுண்ணே. எடுத்துக் கொடுத்தேன். இதுக்குப் போயி சண்டையா?"
தே தாரே டீ குடிக்காமல் வந்துவிட்டேன்.

4 ஜூன், வியாழன்
மூட்டு வலி. மாலதி படம் அனுப்பினாள். ஆணின் பெயர்ச் சீட்டில்: பெண் அறியப்படவில்லை. டின்னைத் திறந்து பார்த்தேன். இங்கேதான் இருக்கிறாள்.
போனில் கேட்டேன். ஆண் வேறு குடும்பமாம். என்னுடையது பாலைவனக் குளவிக் குடும்பத்தின் சாயலாம், ஆனால் பேராக்கில் ஏது பாலைவனம் என்கிறாள். இவளைப் பிடித்த மணல் மேட்டில், பழைய ஈயச் சுரங்கம் அரித்துக் கொட்டிய மணலில், மத்தியானம் செருப்பில்லாமல் நிற்கட்டும். அந்தக் குடும்பத்தையே இப்போது உடைத்து, பாதியை வேறு பெயரில் வைத்துவிட்டார்களாம். என் புத்தகம் பழசாம்.

6 ஜூன், சனி
வாழைக்குத் தண்ணீர். மாலதியைக் காதர் பாயே காரில் கூட்டி வந்தார்.
"ரெண்டையும் ஒண்ணா யாரும் பாக்கல அங்கிள். நீங்க சொல்றது சரியாவும் இருக்கலாம். டி.என்.ஏ. டெஸ்ட் பண்ண ஒரே ஒரு கால் போதும் லா."
தர முடியாது என்றேன். இருப்பது ஒருத்தி.
"அவ இனிமே நடக்கவா போறா?" இது காதர் பாய். மாலதி சிரித்தாள்.
ஒன்றாக நானும் பார்த்ததில்லை. ஆனால் தெரியும்.

7 ஜூன், ஞாயிறு
புழுக்கம். மணல் மேட்டில் பாதிக்கு வேலி. வீடு கட்டப் போகிறார்கள், லாரி அள்ளுகிறது. வேலிக்கு இந்தப் பக்கம் அதே மாதிரி இறக்கையில்லாத ஒருத்தி உயிரோடு ஓடினாள். பிடித்துவிட்டேன். கொட்டிவிட்டாள். எழுதும் விரல், வீக்கம்.

செய்ய வேண்டியவை:
காதர் பாய்: கடை வாசலில் வெள்ளை விளக்கு, மஞ்சள் கூடாது, அதற்குப் பூச்சி வராது. அதன் கீழே வலைக் கூண்டில் இன்று பிடித்தவள். ஆண் தேடி வரும்வரை கூட்டக்கூடாது, மருந்து அடிக்கக்கூடாது.
மாலதி: தானே வந்து உட்கார்ந்து பார்ப்பது. ஆண் வந்து சேர்ந்தால் சீட்டை மாற்றி எழுதுவது.
நான்: கூண்டு. தேன் தண்ணீர். காதர் பாயிடம் பேசுவது.
டின்னில் இருப்பவள்: யாரும் தொடக்கூடாது. ஆறு காலும் அப்படியே.