இடது காதில் விழாத ஆல்பம்

ஜூலை 9, புதன்

விடிந்ததிலிருந்து சாரல். மூன்று நாள் துணி கொடியில் அப்படியே. பள்ளிக்கு அரை நாள் லீவு, காது டாக்டரைப் பார்க்க.

ஐந்தருவியில் குளித்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இடது காது அடைப்பு. பதினெட்டு நாள். வீட்டுக்காரி செல்வி நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றினாள், அதற்குப் பிறகு இன்னும் கெட்டியாக அடைத்துக்கொண்டது. வகுப்பில் இடது பக்கப் பெஞ்சுப் பிள்ளைகள் எதைக் கேட்டாலும் சரி சரி என்று தலையாட்டுகிறேன். வணிகவியலுக்கு அது போதும்.

சீசன் நேரத்தில் தென்காசி காது டாக்டர் வாசலில் செருப்பு விட இடம் இருக்காது. எல்லாம் அருவிக்கூட்டம். ஒரு மணி நேரம் உட்கார்ந்தபின் நர்ஸ் சத்தமாகக் கூப்பிட்டார். "ஆ. சங்கரபாகம், அடுத்து நீங்க. ரெடியா இருங்க."

வலது பக்கம் இருந்த பெரியவர் திரும்பினார். முறுக்கு மீசை, ஒட்ட வெட்டிய முடி.

"நெட்டுல பாட்டப் பத்தி எழுதுத சங்கரபாகமா?"

ஆமாம் என்றேன். சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். காது டாக்டர் வீட்டில் ஒரு வாசகர்.

"நான் இலத்தூரு. ரிட்டயர்டு ஏட்டு. பேச்சி எம் மவதான்."

கொடுக்காப்புளி பேண்டின் பேச்சி. பேஸ் கிட்டார். பத்து நாளுக்கு முன்னால்தான் அவர்களுடைய இரண்டாவது ஆல்பம் 'ஈரத்துணி'யைக் கிழித்து எழுதியிருந்தேன். அதில் ஒரு வரி: "பேஸ் எங்கே? பேச்சி தூங்கிவிட்டாரா?" கட்டுரையிலேயே அதிகம் பேர் பகிர்ந்த வரி. அறை விழப்போகிறது என்று கன்னம் கூசியது. பெரியவர் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூணு வருசமா நானும் சொல்லுதேன், இது நமக்கு வேண்டாம்ட்டின்னு. கேக்கல. நீங்க எழுதினத வாசிச்சிட்டு மறுநா காலைல பையத் தூக்கிட்டு வந்து நிக்கா. சார் சொன்னா சரியாத்தாம்ப்பா இருக்கும்ங்கா. இருவதாந்தேதி அந்தக் கிட்டார வாங்கிட்டுப் போக, அவ எடத்துக்குச் சேந்த புது ஆளு வருதானாம். ரொம்ப நன்றி சார்."

"பரவாயில்ல அண்ணாச்சி" என்றேன். பரவாயில்லையாம்.

டாக்டர் ஊசிக்குழாயில் வெந்நீர் அடித்தார். பட்டாணி அளவுக்கு ஒன்று வந்து தட்டில் விழுந்தது. ஃபேன் சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது. வெளியே வந்தபோது பெரியவர் உள்ளே போக எழுந்தார், மறுபடியும் ஒரு கும்பிடு.

மாலை 6. ஹெட்போன் போட்டு 'ஈரத்துணி' மறுபடியும். முதல் பாட்டிலேயே கழற்றி வைத்துவிட்டேன். பிறகு போட்டேன்.

ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பேர் பேசிக்கொள்வதாக ஆல்பம் முழுவதையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். வலது காதுப் பக்கம் பாடுகிறவன், அவன் கிட்டார். இடது பக்கம் பேச்சியின் பேஸ், பேச்சியின் குரல். அவன் கேட்பதற்கெல்லாம் அவள் பதில் சொல்கிறாள். எனக்குக் கேட்டது கேள்விகள் மட்டும்.

நான் எழுதியிருந்தவை:
– பாட்டுகள் பாதியில் நிற்கின்றன. (மீதி இடது பக்கம்.)
– வரிகளுக்கு நடுவே அர்த்தமில்லாத மௌனம். (அவள் பாடிக்கொண்டிருக்கிறாள்.)
– பேச்சி தூங்கிவிட்டார்.

செல்வி சாப்பிடக் கூப்பிட்டாள். காது நன்றாகவே கேட்டது. கேட்காத மாதிரி ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டேன்.

ஜூலை 10, வியாழன்

வெயிலும் சாரலும் மாறி மாறி. பதினொன்றாம் வகுப்புக்குத் தேர்வு. கண்காணிப்பு வேலை, யோசிக்க நிறைய நேரம்.

காது அடைத்தது தெரியாமல் எழுதினேன் என்று சொல்ல வழியில்லை. தெரியும். ஆல்பம் வந்த அன்றே எழுதிவிட வேண்டும், மற்றவர்களுக்கு முன்னால். இருபது வருடமாகக் கேட்கிறோமே, ஒரு காது போதாதா என்கிற திமிர்.

இன்னொன்றும் இருக்கிறது. 'இரண்டாவது சறுக்கல்' என்ற தலைப்பு ஆல்பம் வருவதற்கு ஒரு வாரம் முன்பே என் போனில் இருந்தது. முதல் ஆல்பம் 'மொட்டவெயில்' வந்தபோது யாருக்கும் அவர்களைத் தெரியாது. முதலில் புகழ்ந்து எழுதியவன் நான். இப்போது சென்னையில் அவர்கள் கச்சேரிக்கு டிக்கெட் கிடைப்பதில்லை. ஊரே கொண்டாடும்போது நானும் கூட நின்று கைதட்டினால் எனக்கு என்ன மரியாதை? அதுதான் விஷயம். மற்ற விமர்சகர்கள், தூக்கி வைத்தவரே இறக்கிவிட்டார் என்று என்னைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு எழுதினார்கள். 'மொட்டவெயில்' மாதிரி இல்லை என்பதைத் தவிர அவர்களிடம் வேறு குறை இல்லை. அது ஒரு குறையா?

கட்டுரைக்குக் கீழே ஒரு பையன் அன்றைக்கே கேட்டிருந்தான், "சார், காதுல பஞ்சா?" என்று. அவனை பிளாக் செய்தேன். இன்றைக்கு எடுத்துவிட்டேன். மன்னிப்பு கேட்கவில்லை.

ஜூலை 12, சனி

புதுக் கட்டுரை எழுதி அனுப்பினேன். தலைப்பு: 'ஈரத்துணி – மறுபடியும் கேட்டபோது'. சில ஆல்பங்கள் மெதுவாகத்தான் திறக்கும், விமர்சகனும் வளர வேண்டும், இத்யாதி. அழகாக வந்திருந்தது. செல்விக்கு வாசித்துக் காட்டினேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள்.

"காது அடைச்சிருந்தது இதுல எங்கன இருக்கு?"

"அது எதுக்கு?"

"அப்ப இத வாசிக்கவுக, நீங்க பெரிய மனசு பண்ணி விட்டுக்குடுத்ததாத்தான நெனப்பாக. அந்தப் பிள்ள மொதல்லயே ஒழுங்காத்தான வாசிச்சிருக்கா?"

எழுந்து மாடிக்குப் போய்விட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

செல்வி சொன்னபடியே. இணைய இதழ் ஆசிரியர் போனில், "இந்தக் காலத்துல இப்படித் திருத்திச் சொல்ல யாருக்கு மனசு வரும் சார்?" என்றார். வாழ்த்துகள் கொட்டுகின்றன. நேர்மை என்ற சொல்லை எத்தனை பேர் எழுதினார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். கேவலம். பாராட்டைப் படித்து முடித்துவிட்டுத்தான் வெட்கப்பட்டேன்.

இலத்தூரிலிருந்து ஒன்றும் இல்லை.

ஜூலை 16, புதன்

நல்ல சாரல். பள்ளி விட்டதும் குற்றாலத்துக்குப் போய் மங்குஸ்தான் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு இலத்தூர் பஸ் ஏறினேன். ஏட்டு வீடு என்று கேட்டதும் டீக்கடைக்காரர் எழுந்து வந்தே கை காட்டினார். தெருமுனை வரை போனேன். வாசலில் பெரியவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு வராதுன்னு எழுத்துலயே போட்டுட்டாவ. இனி என்னத்தச் சொல்ல."

என் இரண்டாவது கட்டுரை அவர் கண்ணில் படவில்லை போல. குரலில் சந்தோஷம் இருந்தது. மகள் வீட்டோடு இருக்கிற சந்தோஷம். கூடவே வேறு ஒன்றும் இருந்தது. பிள்ளைக்கு வராது என்று ஒரு தகப்பன் தன் வாயால் சொல்கிறார், நான் எழுதிக் கொடுத்ததை.

திரும்பிவிட்டேன். பஸ்ஸில் மங்குஸ்தானை நானே உரித்துத் தின்றேன். விரலெல்லாம் கறை, இன்னும் போகவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

மழை இல்லை. செல்வி காலையிலேயே சட்டையைத் தேய்த்துக் கட்டிலில் வைத்திருந்தாள்.

ஒன்பதரைக்கு இலத்தூர். பேச்சி வீட்டுக்குள் தரையில் உட்கார்ந்து பேஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். போட்டோவில் பார்த்ததைவிடச் சின்னப் பெண். பெரியவர் நாற்காலி போட்டு, காபி கொண்டுவரச் சொன்னார். காபி வருவதற்குள் சொல்லிவிட்டேன். அருவி, காது, ஹெட்போன், எல்லாம்.

"எந்தக் காது சார்?" என்றாள்.

"இடது."

துடைக்கிற துணியை மடியில் வைத்தாள். "அந்தப் பக்கம் முழுக்க நான் மட்டும்தான் சார் இருக்கேன்."

பெரியவருக்குப் புரிய இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு தடவையும் நானே சொன்னேன். கேட்டுவிட்டு அலமாரியிலிருந்து ஒரு முழு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்து வந்தார்.

"எழுதிக் குடுங்க. பேரு, தகப்பனார் பேரு, வயசு, தொழிலு. கீழ, நடந்தத நடந்த மாதிரி."

"அண்ணாச்சி, நான் நெட்டுலயே..."

"மொதல்ல எழுதினதயும் எழுத்துலதான வாசிச்சோம்? எழுதுங்க."

எழுதினேன். ஸ்டேஷனில் எத்தனை பேர் இந்த மனிதருக்கு முன்னால் இப்படி உட்கார்ந்திருப்பார்கள். நின்றபடியே வாசித்தார்.

"சரியாகக் கேட்கவில்லைன்னு போட்டிருக்கீக. அத அடிங்க. கேட்கவில்லைன்னு போடுங்க."

அடித்தேன். கையெழுத்து, தேதி, இடம். பேச்சி அதைப் போனில் படம் எடுத்தாள்.

"போடட்டுமா சார்?"

நாளைக்கு என்று வாய் வரை வந்தது. பள்ளியில் பார்ப்பார்கள், இதழ் ஆசிரியர் பார்ப்பார், நேர்மை என்று எழுதிய அத்தனை பேரும் பார்ப்பார்கள். "போடும்மா" என்று சொல்ல நேரம் பிடித்தது. அந்த நேரம் முழுவதும் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போட்டாள்.

"மொத ஆல்பத்த ஆகா ஓகோன்னு எழுதினீகளே. அத நம்பித்தான் வேலய விட்டேன். இத நம்பி பேண்ட விட்டேன். அப்ப காது நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா." உண்மைதான். அதைச் சொல்லும்போதே எனக்கே நம்பிக்கை வரவில்லை.

வாசலில் கார். புது ஆள், முதுகில் காலிப் பை. பெரியவர் மகளைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "ஏட்டி, ஒன் இஷ்டம்" என்றார். தாள் அவர் கையிலேயே இருந்தது.

பேச்சி எழுந்து போனாள். கார் பக்கத்தில் நின்று ரொம்ப நேரம் பேசினாள். அந்தப் பையன் தலையாட்டினான், சிரித்தான், காலிப் பையோடேயே காரில் ஏறினான். பெரியவர் மூச்சு விட்டார், நிம்மதியா ஏமாற்றமா, எந்தப் பக்கத்து மூச்சு என்று தெரியவில்லை. என் மனசு லேசானது. மூன்றாவது கட்டுரைக்கு முதல் வரி அங்கேயே தோன்றிவிட்டது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

திரும்பி வந்தவள் உட்காரவில்லை.

"சார், இனிமே எங்களப் பத்தி எழுதாதீங்க. நல்லதாவும் எழுதாதீங்க."

சரி என்றேன். காபி ஆறிப்போயிருந்தது, குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். குடித்தேன்.